வாடகை ஒப்பந்தம் முடியும்போது: தமிழ்நாட்டில் வாடகைக்குக் குடியிருப்போருக்கான வழிகாட்டி

வாடகை ஒப்பந்தத்தை நாம் முழுமையாகப் படிப்பது பெரும்பாலும் அது முடியும் தறுவாயில்தான். உரிமையாளர் வாடகையை உயர்த்தப் போவதாகச் சொல்வார், அல்லது மகனுக்குத் திருமணம், வீடு வேண்டும் என்பார். அப்போதுதான் பீரோவிலிருந்து அந்த முத்திரைத்தாளைத் தேடி எடுப்போம். கொடுத்த அட்வான்ஸைத் திரும்பப் பெறுவதற்காக நானும் பல வாரங்கள் அலைந்திருக்கிறேன். எதை எப்போது எழுத்தில் கேட்டிருந்தால் அந்த அலைச்சல் குறைந்திருக்கும் என்று தெரிந்துகொண்டதை, முதன்முறையாக வாடகைக்கு வருவோருக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இதில் சொல்லப்படுபவை தமிழ்நாட்டின் நகர்ப்புறப் பகுதிகளில் உள்ள குடியிருப்பு வீடுகளுக்குப் பொருந்தும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. கிராமப்புற வீடுகளுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே அடிப்படை. அரசுக் குடியிருப்புகளுக்கும், நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுக்கும் குடியிருப்புகளுக்கும் விதிகள் வேறு.

1. முடிவுத் தேதியையும் நான்கு ஷரத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அதை எடுத்துப் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, காலம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்பதே. கையெழுத்திட்ட நாளும், குடிவந்த நாளும், ஒப்பந்தம் தொடங்கும் நாளும் வெவ்வேறாக இருக்கும் ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. கணக்கு ஒப்பந்தத்தில் எழுதியுள்ள காலத்தை வைத்துத்தான் நடக்கும், நீங்கள் பால் காய்ச்சிய தேதியை வைத்து அல்ல.

அடுத்து நான்கு ஷரத்துகளைத் தேடுங்கள். முதலாவது, காலி செய்வதற்கோ காலி செய்யச் சொல்வதற்கோ எத்தனை மாத முன்னறிவிப்பு தேவை என்பது. இரண்டாவது, புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு உயரும் என்பது. வாடகை உயர்வு ஒப்பந்த நிபந்தனைப்படிதான் நடக்க வேண்டும் என்பதால், அதில் 5 விழுக்காடு என்று எழுதியிருந்தால் பேச்சை அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம். மூன்றாவது, அட்வான்ஸில் எதையெல்லாம் கழிக்கலாம் என்பது. நான்காவது, குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியேறினால் பிடித்தம் உண்டு என்று சொல்லும் ‘லாக்-இன்’ ஷரத்து இருக்கிறதா என்பது.

ஒப்பந்தத்தின் மூலப் பிரதி உங்களிடம் இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள். உறவு சுமுகமாக இருக்கும்போது கிடைக்கும் காகிதம், மனத்தாங்கல் வந்த பிறகு கிடைப்பதில்லை.

2. இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள்

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே புதுப்பிக்கவோ நீட்டிக்கவோ கோரி வாடகைதாரர் உரிமையாளரை அணுகலாம். இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டால் புதிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். இது கேட்கும் உரிமை மட்டுமே, புதுப்பித்தே ஆக வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் உரிமை அல்ல. ஆகவே அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை எவ்வளவு முன்னதாகத் தெரிந்துகொள்கிறீர்களோ, வேறு வீடு தேட அவ்வளவு அவகாசம் கிடைக்கும்.

தொலைபேசியில் பேசுங்கள், பேசி முடித்ததும் அதையே எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியும் மின்னஞ்சலும் ஒன்றுமில்லாததைவிட மேல். ஆனால் உறவில் சிறிதளவேனும் கசப்பு இருந்தால், ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை:

“தங்கள் வீட்டில் (தேதி) அன்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி குடியிருந்து வருகிறேன். அந்த ஒப்பந்தம் (தேதி) அன்று முடிகிறது. மேலும் 11 மாதங்கள் இதே வீட்டில் தொடர விரும்புகிறேன். வாடகை குறித்தும் பிற நிபந்தனைகள் குறித்தும் தங்கள் முடிவை (தேதி)-க்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் செலுத்திய முன்பணம் ரூ. (தொகை) தங்களிடம் உள்ளது. இம்மாதம் வரையிலான வாடகை முழுவதும் செலுத்தப்பட்டுள்ளது.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். முன்பணம் எவ்வளவு, பாக்கி உண்டா இல்லையா என்ற பேச்சு பின்னால் எழுந்தால், அப்போது மறுக்கப்படாமல் இருந்த இந்தக் கடிதம் உங்களுக்குத் துணை நிற்கும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பல குடும்பங்கள் வீடு மாறுவதில்லை. உங்கள் ஒப்பந்தம் அந்த மாதங்களில் முடிந்தால், ஒரு மாதம் நீட்டித்துத் தருமாறு கேட்பதை உரிமையாளரும் எளிதில் புரிந்துகொள்வார், ஏனெனில் காலியான வீட்டுக்கு அவருக்கும் அப்போது ஆள் கிடைப்பது அரிது. ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை நேர் எதிர். பள்ளி திறப்பதற்குள் குடியேற வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால் வாடகை பேரம் பேசும் வலிமை உங்களிடம் இருக்காது.

3. புதுப்பிப்பதாக இருந்தால், புதிய ஒப்பந்தமே எழுதுங்கள்

பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ‘மேலும் 11 மாதங்கள் நீட்டிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடும் பழக்கம் பரவலாக உள்ளது. அதைத் தவிர்த்துவிடுங்கள். புதிய காலம், புதிய வாடகை, ஏற்கெனவே செலுத்திய முன்பணம் அப்படியே தொடர்கிறது என்ற வாசகம் ஆகியவற்றுடன் புதிய ஒப்பந்தம் எழுதுங்கள். முன்பணம் தொடர்வதைக் குறிப்பிடாவிட்டால், பழைய ஒப்பந்தத்தில் உள்ள தொகை எங்கே போயிற்று என்பதற்குக் காகிதத்தில் பதில் இருக்காது.

செலவைப் பொறுத்தவரை, 30 ஆண்டுக்குக் குறைவான வாடகை ஒப்பந்தத்துக்கு, மொத்த வாடகை, முன்பணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 1 விழுக்காடு முத்திரைத் தீர்வை. மாத வாடகை 15,000 ரூபாய், முன்பணம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 11 மாதத்துக்கு 1,65,000 ரூபாயும் முன்பணமும் சேர்ந்து 2,10,000 ரூபாய். தீர்வை 2,100 ரூபாய். பலரும் கையில் கிடைக்கும் குறைந்த மதிப்பு முத்திரைத்தாளில் எழுதிக்கொள்கிறார்கள். குறைவான முத்திரையிட்ட ஆவணத்தை வழக்கில் சான்றாகக் காட்ட நேர்ந்தால், குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை அபராதமும் கட்ட வேண்டி வரலாம். ஒப்பந்தக் காலம் ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கட்டாயம். அதற்குப் பதிவுக் கட்டணம் தனி. பதினொரு மாத ஒப்பந்தம் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சார்பதிவாளரிடம் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் பதிவு வேறு. பதினொரு மாதமாக இருந்தாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார். இதற்கென அரசு நடத்தும் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் எழுதி 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் முன்வராவிட்டால் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தின் நகல், இருவரின் அடையாள ஆவணங்கள், வீட்டின் விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். இந்தப் பதிவு இல்லாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதில் சட்டமே தடை விதித்துள்ளது என்பதால், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிடுங்கள். உரிமையாளர்களில் பலர் வரித் துறையை நினைத்து இதற்குத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் விலையைப் பின்னால் கொடுப்பது வாடகைதாரர்தான்.

4. ஒப்பந்தம் முடிந்தும் அப்படியே தொடர்ந்தால்

தேதி கடந்துவிட்டது, யாரும் எதுவும் பேசவில்லை, மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களே அதிகம். காலம் முடிந்து, புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், பழைய நிபந்தனைகளின்படியே மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஆனால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு மட்டுமே.

இந்த ஆறு மாதத்தை ஓர் இடைக்கால அவகாசமாகவே கருதுங்கள். பழைய நிபந்தனைகள் தொடர்வதால் வாடகையும் பழையதே, முன்னறிவிப்புக் காலமும் பழையதே. ‘ஒப்பந்தம்தான் முடிந்துவிட்டதே, நாளைக்கே காலி செய்’ என்று சொன்னால் பணிய வேண்டியதில்லை. அதே சமயம், ஆறு மாதம் கடந்தும் புது ஒப்பந்தம் இல்லாமல் இருந்தால் உங்கள் நிலை பலவீனமாகிவிடும். காலம் முடிந்த பிறகும் காலி செய்ய மறுக்கும் வாடகைதாரரிடம், வழக்கமான வாடகையைவிட உயர்ந்த தொகையை இழப்பீடாகக் கோர உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. எனவே நான்காவது மாதத்திலேயே புது ஒப்பந்தமா, புது வீடா என்பதை முடிவு செய்துவிடுங்கள்.

கிராமப்புற வீடுகளில், காலம் முடிந்த பிறகு உரிமையாளர் தொடர்ந்து வாடகை வாங்கினால் மாத வாடகையாகத் தொடர்வதாகக் கொள்ளப்படும். அதை முடித்துக்கொள்ள, வேறு உடன்பாடு இல்லாதபோது, 15 நாள் அறிவிப்பு வேண்டும்.

எந்தச் சூழ்நிலையிலும் வாடகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் இருக்காதீர்கள். வங்கிப் பரிமாற்றத்தில் ‘ஆகஸ்ட் மாத வாடகை’ என்று குறிப்பெழுதி அனுப்புங்கள்.

5. காலி செய்வதாக முடிவெடுத்தால்

ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தை ஒரு நாளும் குறைக்காமல் எழுத்தில் அறிவியுங்கள். அறிவிப்பில் காலி செய்யும் தேதியைத் தெளிவாக எழுதுங்கள். ‘அடுத்த மாதக் கடைசிவாக்கில்’ என்பது தேதி ஆகாது.

கடைசி மாதங்களுக்கான வாடகையை ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. முன்பணம் திரும்பாது என்ற பயத்தில் பிறந்த வழக்கம் அது, அந்தப் பயமும் நியாயமானதே. ஆனால் உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் இப்படிச் செய்தால், இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வெளியேற்றக் கோருவதற்குரிய காரணமாகவே ஆகிவிடும். ‘செப்டம்பர் மாத வாடகை முன்பணத்தில் கழிக்கப்படும்’ என்று அவரிடமிருந்து ஒரு செய்தியாவது வாங்கிவிட்டு நிறுத்துங்கள்.

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டும் வீடானால், வாடகையிலிருந்து நீங்கள் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரிப் பிடித்தத்தைக் காலி செய்யும் மாதத்தில் முடித்துவிட வேண்டும். சம்பளத்தில் வாடகைப்படிச் சலுகை கேட்பவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணையும் ரசீதுகளையும் சாவி கொடுப்பதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

6. முன்பணக் கணக்கைச் சாவி கொடுக்கும் நாளிலேயே எழுதுங்கள்

அலைச்சல் முழுவதும் இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் சென்னை வழக்கம் இன்னும் நீடிப்பது, நாமே அதற்குக் கையெழுத்திடுவதால்தான். எவ்வளவு வாங்கியிருந்தாலும், காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

சண்டை வருவது அந்தக் கழிவில்தான். ‘பெயிண்டிங்’ என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது மிகப் பரவலான வழக்கம். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், உரிமையாளரின் பொறுப்பாகச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்ற சிறு பழுதுகள் வாடகைதாரரின் பொறுப்பு. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் பெயிண்டிங் ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொடுத்தாக வேண்டியதுதான். இல்லையென்றால் அட்டவணையைச் சுட்டிக்காட்டிப் பேசுங்கள். நாளடைவில் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. காலண்டர் மாட்டிய ஆணித் துளை தேய்மானம். ஏசி மாட்டுவதற்காகச் சுவரில் போட்ட பெரிய ஓட்டை தேய்மானம் அல்ல, அதை நீங்களே பூசிக் கொடுத்துவிடுவது மலிவு.

இரண்டாவது தகராறு மின்கட்டணம். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நீங்கள் காலி செய்யும் நாள் கணக்கெடுப்பு நாளோடு ஒத்துப்போவது அபூர்வம். வெளியேறும் நாளில் மீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி, இணைப்பு எண்ணும் படத்தில் வரும்படி புகைப்படம் எடுங்கள். கடைசிக் கணக்கெடுப்பின் அளவைக் கழித்தால் உங்கள் யூனிட் எத்தனை என்பது தெரிந்துவிடும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமின்றிக் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை உயரும் என்பதும் நினைவிருக்கட்டும். அடுத்துக் குடிவருபவரின் பயன்பாட்டையும் சேர்த்து வந்த கட்டணத்தில் பாதியைக் கொடுப்பதைவிட, வெளியேறும் நாளிலேயே உங்கள் யூனிட்டுக்கு ஒரு தொகை பேசி முடிப்பது நல்லது.

கணக்கை ஒரே தாளில் எழுதுங்கள். முன்பணம் 90,000 ரூபாய், மின்கட்டணம் 1,150, ஜன்னல் கண்ணாடி 800, திருப்பித் தர வேண்டியது 88,050. கீழே எத்தனை சாவிகள் கொடுக்கப்பட்டன, வீடு எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது, பணம் எந்தத் தேதிக்குள் எந்த வங்கிக் கணக்கில் வரும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அறை அறையாக ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் குழாய்களைத் திறந்து மூடிக் காட்டுங்கள், விளக்குகளைப் போட்டு அணைத்துக் காட்டுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பானால் பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லை என்று சங்கத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பொருள்கள் ஏற்றிய வண்டி வாசலில் காத்திருக்கும்போது அந்தக் காகிதத்தைக் கேட்டு நிறுத்தப்படுகிறவர்கள் உண்டு.

7. லீஸ் அல்லது போக்கிய வீடு என்றால்

மாத வாடகை இல்லாமல் பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் முறையில், காலம் முடியும் நாள்தான் உண்மையான ஆபத்து. ‘அடுத்த ஆள் வந்து பணம் கொடுத்ததும் தருகிறேன்’ என்பதே வழக்கமான பதில். குறைந்தது மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவித்து, பணம் தரும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்த வீட்டின் வில்லங்க விவரத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் குடியிருக்கும் காலத்தில் வீடு வங்கியில் அடமானம் போயிருக்கலாம், விற்பனையே ஆகியிருக்கலாம். உங்களிடம் பணம் வாங்கியவர்தான் உரிமையாளரா என்பதையும் அதிலேயே சரிபாருங்கள். மாத வாடகைக்கு எடுத்த வீட்டை இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டுப் பணத்தோடு மறைந்துவிடும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள்.

சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாற வேண்டும். பின்தேதியிட்ட காசோலையை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள். பணம் வராததால் தங்கியிருக்க நேர்ந்தால், அந்தக் காரணத்துக்காகவே தங்கியிருப்பதாக எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

8. உரிமையாளர் ஒத்துழைக்காவிட்டால்

உங்களை வெளியேற்ற வேண்டுமானால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் விண்ணப்பித்து உத்தரவு பெற வேண்டும். பூட்டை மாற்றுவதற்கும், சாமான்களை வெளியே வைப்பதற்கும் அவருக்கு அதிகாரம் இல்லை. தண்ணீர், மின்சாரம், லிப்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி நெருக்கடி கொடுப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுங்கள். இடைக்கால உத்தரவிட்டு இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு.

வாடகையை வாங்க மறுத்து, பிறகு ‘பாக்கி வைத்திருக்கிறார்’ என்று வழக்குப் போடுவது பழைய தந்திரம். மறுத்த மாதத்திலும் வங்கி வழியாகவோ அஞ்சல் வழியாகவோ அனுப்பி அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் தொகையைச் செலுத்திவிட வழியிருக்கிறது.

முன்பணம் ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் முதலில் நீங்களே ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் கணக்குத் தாளின் நகலை இணைத்து, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பல இடங்களில் இதுவே போதுமானதாக இருக்கிறது. பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் அறிவிப்பு, அதன் பிறகு வாடகை அதிகாரி அல்லது வாடகை நீதிமன்றம். வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

9. வெளியேறிய பிறகு

புது வீட்டின் ஒப்பந்தம் கையில் கிடைத்ததும் ஆதார், வங்கி, எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை ஆகியவற்றில் முகவரியை மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. பழைய வீட்டின் மின் இணைப்பில் உங்கள் கைப்பேசி எண் பதிவாகியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள், இல்லையேல் அந்த வீட்டின் மின்கட்டண அறிவிப்புகள் உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். பழைய ஒப்பந்தம், ரசீதுகள், கணக்குத் தாள், மீட்டர் படம் ஆகியவற்றை முன்பணம் வந்த பிறகும் மூன்றாண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருங்கள்.